அலையாத்திப் பெட்டி

காற்று போடுகிறவர் காலையில் மணியடித்தபோது வான்மதி தரையெல்லாம் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். எழுந்துபோய்க் காலிப் புட்டிகளைக் கொடுத்து, நிறைந்தவற்றை வாங்கிச் சுவரில் மாட்டினாள்.

"ஏம்ப்பா, இன்னிக்கு அழுத்தம் கம்மியா இருக்கே?"

"மேல புழுதிப் புயல்மா. நாளைக்குச் சேர்த்துப் போட்டுடறேன்."

செவ்வாயில் இதெல்லாம் ஒரு பேச்சா? மூச்சு முட்டினால்கூட யாரும் அலட்டிக்கொள்ளாத ஊர் செம்புரம். வான்மதியின் கவலை வேறு. கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

செம்புரம் தரைக்கடியில் சுரங்கம் சுரங்கமாக வளர்ந்த ஊர். பிள்ளைகளைத் தினமும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் காற்று கட்டுப்படியாகாது. அதனால் பள்ளிக்கூடம் என்று ஒன்றே கிடையாது. வீடுதான் பள்ளி, பெற்றோர்தான் ஆசிரியர். அந்தப் பருவத்துப் பாடம் பூமியின் உயிர்ச்சூழல்கள். நிர்வாகம் ஒரு கட்டுப் புத்தகங்களை அனுப்பியிருந்தது. கூடவே வீட்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பூமியிலிருந்து வந்த ஒரு பிடி உயிர்மண். ஒரு வீட்டுக்கு மழைக்காட்டு மண், ஒரு வீட்டுக்குப் புல்வெளி மண் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை அதைத் தன் கையாலேயே வளர்த்துப் பருவ முடிவில் கண்காட்சியில் காட்ட வேண்டும். நன்றாக வளர்க்கிற பிள்ளைக்குப் பசுங்கூடத்தில் பயிற்சி கிடைக்கும். ஊருக்கே சோறு போடுகிற தோட்டம் அது.

வான்மதியின் மகள் இளவெயினிக்குப் பத்து வயது. அவளுக்குப் பசுங்கூடத்தைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அவளுக்கு வந்தது அலையாத்திக் காட்டு மண். கடலோரச் சேற்றில் வேர் நாட்டி நிற்கிற காடு. வான்மதி பாடத்திட்டத்தை அழகாகத்தான் போட்டிருந்தாள்: காலையில் புத்தகம், மதியம் படம் வரைவது, சாயங்காலம் உப்புநீர் கலந்து பெட்டியில் ஊற்றுவது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பெட்டியில்தான் ஒன்றுமே முளைக்கவில்லை. கறுப்பாக ஒரு சேறு, அதன்மேல் வழவழவென்று ஒரு படலம். அதைவிட, அந்த நாற்றம்!

"என்னடி இது, குடலைப் புரட்டுது! மூடித் தொலை."

"மூடக் கூடாதும்மா. புத்தகத்துல போட்டிருக்கு, நாறினாத்தான் நல்ல சேறாம். உள்ள நுண்ணுயிர் நிறைய இருக்குன்னு அர்த்தமாம்."

"புத்தகத்துல ஆயிரம் போடுவான். நாளைக்கு நாலு பேர் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா யாருக்கு அசிங்கம்?"

அன்று மதியம் பக்கத்து வீட்டு ஆதிரை வாசலில் வந்து நின்றாள். தன் மகளின் மழைக்காட்டைப் படமெடுத்துக் கொண்டுவந்திருந்தாள். பச்சைப் பசேலென்று கொடிகள், நடுவில் குட்டி அருவி. "எல்லாம் எங்க பொண்ணே செஞ்சதுக்கா, நான் பக்கத்துலயே போகலை" என்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "என்னக்கா, கழிவுக்குழாய் எங்கயாவது உடைஞ்சிருக்கா?"

வான்மதிக்கு உயிரே போய்விட்டது. "ஆமா, சொல்லியிருக்கோம், ஆள் வரலை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மகள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வான்மதி அச்சுக்கடைக்குப் போனாள். எந்தப் பொருளின் வடிவத்தைக் கொடுத்தாலும் நெகிழியில் வார்த்துத் தருகிற பொறி அங்கே இருந்தது. அன்றைக்கென்று கடையில் நல்ல கூட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வான்மதி ஒரு அலையாத்திக் காட்டையே வாங்கி வந்தாள். வளைந்த வேர்கள், பளபளக்கும் இலைகள், பொத்தானை அழுத்தினால் பக்கவாட்டில் நடக்கிற நண்டு. சேற்றை வழித்து மறுசுழற்சிக் குழாயில் போட்டாள். குழாய் அதைக் கொதிக்கவைத்து விழுங்கியது.

இளவெயினி ஓடி வந்தாள். "அம்மா! என் சேறு எங்க?"

"போகட்டும் விடு கண்ணு. நீ செஞ்சா நல்லாருக்காது. உனக்காகத்தானே அம்மா இவ்வளவு அலையறேன்? யார் செஞ்சதுன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

மகள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"'நானே செஞ்சேன்'னு சொல்லணும். சத்தமா. எங்க, சொல்லு பாப்போம்?"

"நானே செஞ்சேன்" என்றாள் இளவெயினி. வான்மதிக்கு அவள் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஏதோ வேலை இருப்பதுபோல் அடுப்பின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கண்காட்சி நாளன்று பெருங்கூடத்துக்குத் தனியாகக் காற்று திறந்துவிட்டார்கள். அடேயப்பா, எத்தனை காடுகள்! நுரைக்கிற கடற்கரை, சறுக்கி விழுகிற பெங்குவின், ஒட்டகம். ஒரு பெட்டியிலாவது நாற்றம் உண்டா? கிடையாது.

நடுவர்பொறி மேடைக்கு வந்தது. நிர்வாகத்துக்காகப் பேசுகிற பொறி அது, மரியாதையான குரல்.

"பசுங்கூடத்து மண்ணில் நோய் விழுந்து அது முழுவதும் செத்துவிட்டது. யாரும் பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் வைத்தால் ஒரேயடியாக அழியும் என்றுதான் உயிர்மண்ணைப் பிரித்து உங்கள் வீடுகளில் கொடுத்து வைத்தோம். பெரியவர்களிடம் சொன்னால் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பதால் பாடமாகக் கொடுத்தோம். ஒரு பெட்டியில் உயிர் இருந்தாலும் போதும், அதிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம்."

பொறியின் கண் வரிசை வரிசையாகப் பெட்டிகளைத் துழாவிக்கொண்டு போனது. கடைசிப் பெட்டியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது. கூடத்தில் நண்டு நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பொத்தானை யாரோ அழுத்திவிட்டிருந்தார்கள்.

"எதிலும் உயிர் இல்லை" என்றது பொறி. "பூமியிலிருந்து அடுத்த மண் வரும்வரை எல்லோருக்கும் அரை வயிற்றுச் சோறுதான். இவற்றைச் செய்தது யார்?"

அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வீட்டில் பழகியபடி, ஒரே குரலில், சத்தமாகச் சொன்னார்கள்:

"நானே செஞ்சேன்!"

பிள்ளைகள் பொய் சொல்வதில்லை என்று பொறிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்ததும் இதே பெற்றோர்தான்.

"பதிவாயிற்று. உயிர்மண்ணைக் கொன்ற பிள்ளைகள் இனி ஒருநாளும் பசுங்கூடத்துக்குள் வர இயலாது. மறுத்துச் சொல்லப் பெற்றோர் யாராவது இருந்தால் எழுந்து நிற்கலாம்."

இளவெயினி திரும்பித் தன் தாயைப் பார்த்தாள். அழவில்லை, வெறுமனே பார்த்தாள். வான்மதி எழுந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். நாற்காலியின் கையைப் பிடிக்கவும் பிடித்தாள். எழுவதற்கு முன்னால், ஆதிரை எழுகிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஆதிரையும் நாற்காலியின் கையைப் பிடித்தபடி இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.