2130இல் திறக்கவும்

காலை ஒன்பது மணிக்கு வாயைக் கொப்பளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் என் வேலை தொடங்கிவிடும். புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கும் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சுவைத்து, அதற்குத் திறப்பாண்டு குறிக்க வேண்டும். நான் குறித்த ஆண்டு பிறக்கும்வரை புட்டியின் பூட்டுத்தக்கை யாருக்கும் அசையாது, எனக்கும்தான். அவசரக்குடுக்கைகள் நல்ல ஒயினையெல்லாம் பிஞ்சிலேயே குடித்துத் தீர்த்ததால் வந்த சட்டம் இது. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

அன்று வந்தது 2091ஆம் ஆண்டு அறுவடையான ஷாத்தோ லெர்மினா. வெயில் போர்தோவைப் பொசுக்கிய பிறகு, திராட்சைக் கொடிகளை வடக்கே நோர்மாந்திக் கடற்கரைக்குப் பெயர்த்துக்கொண்டு போன குடும்பத்தின் ஒயின். கோப்பையில் மையாகக் கறுத்துக் கிடந்தது. முகர்ந்தால் நாவற்பழம், அப்போதுதான் சீவிய பென்சில், அடியில் மழை தொட்ட கல். வாயில் வைத்ததும் துவர்ப்பு ஈறுகளைக் கவ்வியது. ஆனால் அதில் முரட்டுத்தனம் இல்லை. புளிப்பு அதைத் தாங்கி நிமிர்த்தி வைத்திருந்தது. துப்பிய பிறகும் சுவை ஒரு நிமிடம் போகவில்லை. இருபது வருடத்தில் இப்படி ஒன்றை என் நாக்கு கண்டதில்லை. இந்தத் துவர்ப்பு கனிந்து பட்டாகும் நாளில் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

திறப்பாண்டு 2102 என்று எழுதினேன்.

என் குறிப்புகளைச் சரிபார்ப்பவள் ரெஜினா, என் மனைவி. அவள் கையெழுத்துப் போடாமல், நான் கடைசி ஆறு வருடம் குறித்த ஆண்டுகளைத் திரையில் வரிசையாகக் கொண்டுவந்தாள். ஒன்றுகூட 2103ஐத் தாண்டவில்லை.

2103 என் முடிவாண்டு. நாற்பது வயதில் எல்லாருக்கும் இரத்தம் பார்த்து, சாகும் ஆண்டை அட்டையில் பொறித்துக் கொடுக்கிறார்களே, அதுதான். தவறினால் ஒரு மாதம் தவறும். எனக்கு அட்டை வந்து ஆறு வருடம் ஆகிறது. ரெஜினாவின் அட்டையில் 2134.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். முதலில் அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். எத்தனை நல்ல ஒயின்களை என் ஆயுளுக்குள் இழுத்துப் பாழாக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே கூசியது. இது சுவைஞர் எல்லாருக்கும் வருகிற வியாதி என்று அவள் சமாதானம் சொன்னாள். அப்புறம் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.

“இது நெசமா எப்பங்க பழுக்கும்?”

“ரெண்டாயிரத்து நூத்தி முப்பதுல.”

“அதையே எழுதுங்க. இத போய் பிஞ்சுல தொறக்கறது பாவம்.”

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். தக்கை பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஊழியருக்கு உரிய ஒரு புட்டியை அவள் பெயரிலேயே எடுத்தோம்.

“தொறக்கறப்ப, நான் போட்ட வருஷம் சரியான்னு சொல்லு” என்றேன்.

புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“யாருகிட்டங்க சொல்றது?” என்று கேட்டாள்.