கிழிக்காத சீட்டு

"நீ கூடத்துக்கு வர வேண்டாம்" என்று மாமியார் சொன்னபோது மருமகள் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அது மாமியாருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரிங்க அத்தை."

"சரிங்க அத்தையாம்! எதுக்கெடுத்தாலும் இந்த ஒரு பதில்தான் உங்கிட்ட. அவர்கூட மலை ஏறினவங்க, மீன் பிடிச்சவங்க எல்லாரும் இன்னைக்கு வர்றாங்க. 'கடைசி பன்னெண்டு வருஷம் அவர் ஏன் எங்ககூட வரல'ன்னு கேப்பாங்க. நான் மறைக்கப் போறதில்ல. உள்ளத உள்ளபடி சொல்லுவேன். அப்போ நீ அங்க உக்காந்திருந்தா உனக்குத்தான் அசிங்கம்!"

"அம்மா... இன்னைக்காவது..." என்றான் மகன், செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தபடி. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்க நேரும்போதெல்லாம் அவனுக்குச் செருப்பு வார் தகராறு செய்யும். பதினாலு வருஷமாக அப்படித்தான்.

"நீ சும்மா இருடா. அந்த மனுஷனக் கூண்டுல அடைச்சவ இவ. அடைக்க விட்டவன் நீ."

மருமகள் டீயைக் கொண்டுவந்து வைத்து, மேலே ஒரு தட்டை மூடினாள். அப்படி மூடி வைப்பது மாமனாரின் பழக்கம். அவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது. இன்று நூலகக் கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம்.

எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷர். அதில் நாற்பது வருஷம் கடைசல் பட்டறையில் இரும்பைக் கடைந்தார். ஆறு நாள் பட்டறை, ஏழாம் நாள் வெளி. விடிவதற்குள் எழுந்து, மனைவிக்கு டீ போட்டு மூடி வைத்துவிட்டு, முதுகில் பையும் கையில் தூண்டிலுமாகக் கிளம்பிவிடுவார். ஏரி, காடு, மலை... எங்கே என்றாலும் பொழுது சாய்வதற்குள் வீடு. பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் பை ஆணியிலேயே தொங்கும். மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர். மகனுக்கு ஒவ்வொரு பறவையின் குரலையும் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அந்தக் குரல்களையெல்லாம் கற்ற மகன் தன் குரலை மட்டும் எங்கே விட்டானோ!

அவரிடம் ஒரு கட்டாயம் இருந்தது. வெளியே போகுமுன் ஒரு சீட்டில் எழுதி, அடுப்படிச் சுவரில் இருந்த ஆணியில் குத்திவிட்டுத்தான் போவார். எங்கே போகிறேன், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன். திரும்பி வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னால் சீட்டை அவரே எடுத்துக் கிழித்து அடுப்பில் போடுவார். வேறு யாரும் கிழிக்கக் கூடாது. "என் கையால கிழிச்சாத்தான் நான் வந்து சேர்ந்தேன்னு அர்த்தம்" என்பார். அதனால் அந்த வீட்டில் பழைய சீட்டு என்று ஒன்று கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்காக மாமியார் இரண்டு மாதம் வெளியூரில் இருந்தாள். மகனும் அப்போது வேலைக்காக வேறு ஊரில். வீட்டில் மாமனாரும் கல்யாணமாகி இரண்டாம் வருஷத்தில் இருந்த மருமகளும் மட்டும். மாமியார் திரும்பி வந்து பார்த்தால் ஆணி காலி. பை பரண்மேல். மனுஷர் கொல்லையில் தூண்டில் கம்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் போக வேண்டாம்னு சொன்னேன் அத்தை. தனியா இருக்க பயமா இருக்கு" என்றாள் மருமகள்.

அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அன்றிலிருந்து மாமியார் விட்டுவைக்கவில்லை. உறவுக்காரர்களிடம், பக்கத்து வீட்டில், காய்கறிக் கடையில்... "ராஜா மாதிரி திரிஞ்ச மனுஷன், இவ பயத்துக்காகக் கொல்லைப்புறத்துல உக்காந்துட்டாரு" என்று சொல்லாத இடமில்லை. மருமகள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. மாமனாரோ சாப்பிட உட்கார்ந்தால், "மருமக சாப்பிட்டாளா?" என்று கேட்காமல் தட்டில் கை வைக்க மாட்டார். அதுவும் மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். 'எனக்கு ஒரு நாள் கேட்டிருப்பாரா?'

போன் அடித்தது. மகள்.

"அம்மா, போட்டோவ வச்சாச்சு. பக்கத்துல அப்பாவோட பைய வச்சா நல்லா இருக்கும். எடுத்துட்டு வா."

மகன் ஏணி போட்டு இறக்கினான். மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அத்தை, பை வேண்டாங்க... தூண்டில வேணா கொண்டுபோங்க."

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக மாமியாரிடம் 'வேண்டாம்' என்கிறாள்!

"அவர் பையத் தொடவும் உன் உத்தரவு வேணுமா?"

மாமியார் பையைத் தன் பக்கம் இழுத்துத் தூசி தட்டினாள். பக்கப் பையில் என்னவோ சரசரத்தது. கையை விட்டாள். நான்காக மடித்த ஒரு சீட்டு. ஆணி குத்திய ஓட்டையோடு.

'பெரிய ஏரி. கிழக்குப் பாதை. நாலு மணிக்கு வந்துவிடுவேன்.' தேதி, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது.

கிழிக்காத சீட்டு! பின்பக்கம் திருப்பினாள். அவருடைய எழுத்துதான், ஆனால் வரி கோணிப் போயிருந்தது.

'மணி ஏழு. நாற்பது வருஷம் நடந்த பாதையில் வழி தெரியாமல் உட்கார்ந்து அழுதேன். மருமகள் சீட்டைப் பார்த்துத் தேடி வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டேன். பழியைத் தானே ஏற்கிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.'

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காது மடல்கூடச் சுட்டது. காய்கறிக் கடையில் சொன்னது, சம்பந்தி முன்னால் சொன்னது, இதோ, டீ ஆறுவதற்குள் சொன்னது... ஒவ்வொன்றும் அவளுடைய குரலிலேயே காதில் விழுந்தது. அவர்மேலும் கோபம் வந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டு கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாரே! ஆனால் யாரைக் குறை சொல்வது? சொன்ன வாய் தன்னுடையதுதானே.

"ஏன்டி... ஏன் எங்கிட்டகூடச் சொல்லல?"

மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். "மாமா சத்தியம் வாங்கிட்டாங்க அத்தை. 'அவ கண்ணுக்கு நான் காட்டையே கையில வச்சிருக்கிற ஆளு, அத மட்டும் கெடுத்துடாதம்மா'ன்னு அழுதாங்க. எங்க அப்பாகூட எங்கிட்ட அப்படிக் கெஞ்சினதில்ல... நான் என்ன செய்யட்டும்?"

"நான் உன்ன என்னெல்லாம் பேசினேன்..."

"போகட்டும் அத்தை. இன்னைக்கும் சொல்லிடாதீங்க. அத்தனை பேர் முன்னால மாமாவுக்குத் தலைக்குனிவு."

மகன் சீட்டை வாங்கிப் படித்தான். செருப்பை நோக்கிக் குனியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மாமியார் எழுந்து முகம் கழுவினாள். "கிளம்பு. நீ வராம நான் வாசப்படி தாண்ட மாட்டேன்" என்றாள்.

நூலகக் கூடம் நிறைந்திருந்தது. மாமியார் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவருடைய மானமா, மருமகளுடைய மானமா? ஒரு நிமிஷம் போட்டோவைப் பார்த்தாள். 'மன்னிச்சிடுங்க. பன்னெண்டு வருஷம் அவ உங்க மானத்தக் காப்பாத்தினா. போதும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எம் மருமக தடுத்ததாலதான் அவர் வீட்டோட இருந்துட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். அது பொய். அவருக்கு வழி மறந்து போச்சு. தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தவ இவ. வாயத் திறக்காம என் ஏச்ச வாங்கிக்கிட்டவளும் இவ. எனக்கு இங்க நிக்கவே வெக்கமா இருக்கு... ஆனா நின்னு சொல்லணும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து அவருடைய மீன்பிடி சிநேகிதர், ஊரே மீசைக்காரர் என்று கூப்பிடும் கிழவர், கம்பை ஊன்றி எழுந்தார்.

"வழி மறந்ததுக்கா இத்தனை வருஷம் ஒளிஞ்சான்? போன வாரம் முடி வெட்டிக்கிட்டு வெளிய வந்தவன், என் வீடு எந்தப் பக்கம்னு தெரியாம நின்னேன். எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே தொலைஞ்சிருப்போமே!"

சிலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

வீடு திரும்பியதும் மாமியார் நேராக அடுப்படிக்குப் போனாள். சீட்டை மருமகளின் கையில் வைத்தாள்.

"இது நீ கிழிக்க வேண்டியதும்மா."

"ஐயோ, மாமாதான கிழிக்கணும்..."

"அவர் தானா வந்து சேரல. நீதான் கொண்டுவந்து சேர்த்த."

மருமகள் அதை இரண்டாகக் கிழித்தாள். அடுத்த மடிப்பில் கை ஓடவில்லை. மாமியாரின் தோளில் சாய்ந்து, பன்னிரண்டு வருஷ அழுகையை அழுதாள். மாமியார் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சோற்றுத் தட்டை மகன் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தான். அவள் தட்டில் கை வைக்கவில்லை.

"மருமக சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.