சாவி பிடித்த கை

காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி விடாமல் மூன்று முறை அடித்தது. கதவைத் திறந்த மச்சானைத் தள்ளாத குறையாக உள்ளே வந்த பெண்மணி, நாற்காலியில் உட்காருவதற்குள் அழுதுவிட்டார்.

அந்த வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடம் கள்ள ஆவணங்களைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மச்சான் அவர் மனைவியின் தம்பி, தையல் கடைக்காரர். துப்பு என்று காதில் விழுந்தால் போதும், கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்துவிடுவார்.

“தண்ணி குடிங்கம்மா. அப்புறம் சொல்லுங்க,” என்றார் நிதானம்.

வந்தவர் செயற்கைக் கை செய்பவர். பட்டறை இருக்கும் பக்கத்தில் ‘கைக்காரம்மா’ என்று பெயர். கைப்பேசியைத் தேடிப் பையைக் கவிழ்த்தார். இரும்பு அளவுகோல், ஒரு டப்பா நிறையத் திருகாணிகள், தலையில் சிவப்புப் பொட்டு வைத்த ஒரு சாவி எல்லாம் மேசையில் விழுந்தன.

“சாவிக்குக்கூடப் பொட்டா?” என்றார் மச்சான்.

“பட்டறைச் சாவிங்க. வீட்டுச் சாவியோட மாறிப் போகுதுன்னு நெயில் பாலிஷ் வெச்சேன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இதுதான். பெரிய மருத்துவமனை ஒன்று குழந்தைகளுக்குக் கை பொருத்தும் பிரிவைத் தொடங்குகிறது. அதற்குத் தலைமை ஏற்க இவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பத்து வருடக் கனவு. ஆனால், அதே பதவிக்கு விண்ணப்பித்த இன்னொருவர், இவர் தன் வேலையைக் காப்பியடித்துவிட்டதாகப் புகார் கொடுத்துவிட்டார். இருவருமே வேலைத் தொடர்புக்கான வலைத்தளத்தில் புரொஃபைல் வைத்திருப்பவர்கள். அவர் பக்கத்தில் கையின் படம் நாலாம் தேதியே வந்திருக்கிறது. இவர் பக்கத்தில் எட்டாம் தேதி. இரண்டு நாளாக இவர் படத்துக்குக் கீழே முகம் தெரியாதவர்கள் ‘திருடி’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் மூன்று மணிக்கு விசாரணை.

“அவர் போட்டிருக்கறது என் வேலை மாதிரியேதான் இருக்கு சார். ஆனா நான் செஞ்சது வலது கை. அது இடது கை! எனக்கே தலை சுத்துது.”

நிதானம் இரண்டு படங்களையும் பார்த்தார். இவர் படத்தில் இருந்த வலது கை பென்சில் பிடித்திருந்தது. புகார்காரர் படத்தில் இருந்த இடது கை ஒரு சாவியைப் பிடித்திருந்தது. பக்கத்தில் நாலைந்து திருகாணிகள் சிதறிக் கிடந்தன.

“சாவி மேல ஏதோ கறை. போட்டோவே சரியில்ல,” என்றார் மச்சான்.

“நீங்க ஏன் நாலு நாள் தாமதமா போட்டீங்க?” என்று கேட்டார் நிதானம்.

“கை யாருக்கோ, அவங்க சரின்னு எழுதிக் குடுக்காம நான் ஊரறியப் போடமாட்டேன். இந்தக் கையைப் போட்டிருக்கறவர் மொதல்ல டாக்டர்ங்க மட்டும் பாக்கலாம்னார். நாலு நாள் யோசிச்சுட்டு, பேர் மட்டும் வேண்டாம், படம் போட்டுக்கோங்கன்னார்.”

மச்சான் துள்ளினார். “அத்தான், முடிஞ்சுது! அந்த ஆளைக் கூட்டிட்டுப் போய் நிறுத்துங்க. கையைக் காட்டினா கேஸ் க்ளோஸ்!”

“முடியாதுங்க.” அழுதுகொண்டிருந்த குரல் சட்டென்று உறுதியானது. “கை இல்லைன்னு அவர் ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. வேலை போனா எனக்குப் போகட்டும். பேரைச் சொல்லமாட்டேன்.”

தன் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்திலும் அடுத்தவர் ரகசியத்தைக் காக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நிதானம் எழுந்து தானே காபி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார். அவர் அப்படிச் செய்து மச்சான் பார்த்ததே இல்லை.

“அந்தப் பேர் எனக்கும் வேண்டாம்மா. டாக்டர்ங்க பாக்கலாம்னு அவர் சொன்னதும், படத்தை யாருக்காவது அனுப்பினீங்களா?”

“மருத்துவமனையில ஆள் எடுக்கறவர்னு ஒருத்தர் அந்தத் தளத்துல தொடர்பு கேட்டார். நுணுக்கமான பிடி எப்படின்னு டாக்டர்ங்க பாக்கணுமாம். மூணாம் தேதி அனுப்பினேன்.”

“கை என்ன பிடிச்சிருந்தது?”

“நான் ஒவ்வொரு படத்துக்கும் வேற வேற பொருள் குடுப்பேன். அதுக்கு என்ன குடுத்தேன்…” கைப்பேசியைத் தள்ளித் தள்ளித் தேடினார். சட்டென்று விரல் நின்றது.

“போதும். விசாரணையில சொல்லிக்கலாம்,” என்றார் நிதானம். “அந்தத் திருகாணி டப்பாவையும் எடுத்துக்கோங்க.”

மூன்று மணி. தலைமை மருத்துவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். புகார்காரர் மடிப்புக் கலையாத சட்டையில், நாற்காலி தனக்குத்தான் என்ற தோரணையில் இருந்தார். பல வருடம் செயற்கை உறுப்பு விற்பனையில் இருந்தவராம்.

“உங்க படத்துல இருக்கறது எந்தக் கை?” என்று நிதானம் அவரைக் கேட்டார்.

“இடது கை. நானே செஞ்சது.”

“அந்தச் சாவி?”

“எங்க வீட்டு அலமாரிச் சாவி. அதுக்கென்ன இப்போ?”

நிதானம் டப்பாவிலிருந்து ஒரு திருகாணியை எடுத்துத் திரையில் தெரிந்த படத்தின் பக்கத்தில் பிடித்தார். “டாக்டரம்மா, இந்த ஸ்க்ரூவைச் சுத்தி ஓடற புரி சாயற பக்கத்தையும் படத்துல சாயற பக்கத்தையும் பாருங்க. எதிரும் புதிருமா இருக்கா? ஸ்க்ரூவைத் தலைகீழா வெச்சாலும் சாய்வு மாறாது. கண்ணாடியில பாத்தாத்தான் மாறும். வலது கை படத்தைத் திருப்பிப் போட்டு இடது கை ஆக்கியிருக்கார். ஒரே படம்னு யாரும் தேடிக் கண்டுபிடிச்சுடக் கூடாதில்ல? கையால வேலை செய்யறவர் கண்ணுக்கு இது உறுத்தியிருக்கும். இவர் வித்தவர், செஞ்சவர் இல்ல.”

“அது தனியா சொல்லிச் செஞ்ச ஸ்க்ரூ!” என்று புகார்காரர் எழுந்தார்.

“இருக்கலாம். அம்மா, உங்க பட்டறைச் சாவியைக் குடுங்க.”

கைக்காரம்மா சாவியை மேசையில் வைத்தார். படத்தைப் பெரிதாக்கியதும் மச்சான் கறை என்று சொன்னது அங்கே தெரிந்தது. அதே சிவப்புப் பொட்டு, அதே பற்கள்.

“இந்தச் சாவி பிடிச்ச படத்தை இவங்க மூணாம் தேதி ஒரே ஒருத்தருக்குத்தான் அனுப்பியிருக்காங்க. உங்க மருத்துவமனையில ஆள் எடுக்கறவர்னு சொல்லிக்கிட்டவருக்கு. அப்படி யாராவது இருக்காங்களா?”

கைக்காரம்மா நீட்டிய கைப்பேசியில் அந்தப் பெயரைப் பார்த்த தலைமை மருத்துவர், இல்லை என்று தலையாட்டினார். “எங்ககிட்ட அப்படி ஒருத்தரும் இல்ல.”

“அப்போ அந்தப் படம் யார் கையில இருக்கோ, அவர்தான் அந்த ‘ஆள் எடுக்கறவர்’.”

புகார்காரர் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை.

“எனக்கு ஒண்ணுதான் புரியல,” என்றார் தலைமை மருத்துவர். “கை போட்டிருக்கறவர் பேரைச் சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லையே?”

“கேட்டுப் பாத்தோம். வாயைத் திறக்கல,” என்றார் மச்சான், ஏதோ தானே அந்த ரகசியத்தைக் காத்தவர் போல.

தலைமை மருத்துவர் எழுந்து வந்து கைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க பிள்ளைங்களை உங்ககிட்டதான் விடணும்.”

வெளியே வந்ததும் நிதானம் சொன்னார். “இனிமே ஆள் எடுக்கறோம்னு யார் வந்தாலும், அந்த ஆபீசுக்கு நேரா போன் போட்டு விசாரிங்க. அடுத்தவங்க ரகசியத்தைக் காக்கறதுல பாதியாவது உங்க வேலையைக் காக்கவும் பாடுபடுங்கம்மா.”

அன்று மாலை, ‘திருடி’ என்று எழுதப்பட்ட வரிகளுக்குக் கீழே புதிதாக ஒன்று வந்திருந்தது. மச்சான் உரக்கப் படித்தார்:

“இந்தக் கை என்னுடையது. அவர் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். இதை அந்தக் கையால்தான் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது என் தப்பு, கையின் மேல் குற்றமில்லை.”

பிழை ஒன்றுகூட இல்லை. கடைசியில் தன் முழுப் பெயரையும் போட்டிருந்தார். அதை இங்கே எழுத அவர் எனக்கு அனுமதி தரவில்லை, ஆகவே எழுதவில்லை.