ஒன்பதாம் பெட்டி

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். ஸ்டவ்வில் பால் வைப்பேன். பால் பொங்குவதற்குள் பின்னறையைத் திறந்து, கண்ணாடிப் பெட்டிகளின் மேல் போட்டிருக்கும் சாக்கை எடுத்து மடிப்பேன். முந்தின நாள் வைத்த வெள்ளரித் துண்டில் பூஞ்சணம் பிடித்திருந்தால் எடுத்து எறிவேன். முட்டை ஓட்டுப் பொடி ஒரு சிட்டிகை தூவுவேன். பிறகு கையால் தண்ணீர் தெளிப்பேன். ஒன்று முதல் பதினொன்று வரை. அப்புறம் குளியல், தேநீர், கல்லூரி.

வஜீதா இருந்தவரை இதெல்லாம் அவள் வேலை.

பெட்டிகளில் இருப்பவை மரவட்டைகள். ஊரில் ரயில் பூச்சி என்பார்கள். நான் விலங்கியல் படித்தவன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. கல்யாணமான முதல் மழைக்காலத்தில், எண்பத்தொன்றில், அடி அண்ணாமலைப் பக்கம் போனபோது அவள் ஒன்றை மணிக்கட்டில் ஏறவிட்டுக்கொண்டு சிரித்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் பதினொரு பெட்டிகள். கல்லூரிகள் வாங்கின. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்த மார்ட்டின் என்ற வெள்ளைக்காரர் ஜோடி ஜோடியாக வாங்கினார். அவர் ஊரில் இதை வளர்க்க ஆட்கள் இருக்கிறார்களாம்.

வகை பிரிக்க எனக்குப் புத்தகமும் லென்ஸும் வேண்டும். அவளுக்கு ஒன்றும் வேண்டாம். உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஊதுவாள். சுருண்டது விரியும்போது அடிப்பக்கம் பார்ப்பாள்.

"ஏழாவது வளையத்துல கால் இல்ல பாருங்க. ஆம்பள. உங்க ஜாதிக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு கம்மிதான்."

பயந்தால் அவை ஒரு பழுப்பு நீரைக் கசியவிடும். டிங்சர் அயோடின் வாடை அடிக்கும். கை வைத்தால் கறை. அவள் விரல் நுனிகள் எப்போதும் செம்பழுப்பாகவே இருக்கும்.

ஒன்பதாம் பெட்டியில் ஒன்றே ஒன்று. ஒரு சாண் நீளம், கறுப்பு உடல், சிவந்த கால்கள். பெண். அந்த மாதிரி இன்னொன்று எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. புத்தகத்திலும் இல்லை. ஐப்பசி முதல் வாரத்தில் அது மண்ணுக்குள் இறங்கியது.

தோல் மாற்றும்போது மரவட்டை மண்ணுக்குள் ஒரு சிறிய அறை கட்டிக்கொள்ளும். சுவர் வழவழவென்றிருக்கும். ஒருமுறை கண்ணாடியை ஒட்டியே ஒன்று கட்டியபோது வஜீதா காட்டினாள். உள்ளே வெள்ளையாக, சுருண்டு, அசைவில்லாமல் கிடந்தது. பார்த்தால் பிணம்தான். புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். பல நாள் காணோமே, செத்து அழுகிவிடுமே என்று தோண்டுவார்கள். தோண்டினால்தான் சாகும்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டிருக்கிறேன்.

"சின்னதுன்னா மூணு வாரம். பெருசுன்னா ஜாஸ்தி ஆகும்."

ஐப்பசி முடியும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். பிறகு இல்லை.

அவளைக் குளிப்பாட்டிவிட்டு வந்த மாமியார் பீபி ஜான் என் அருகில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருதாணின்னு நெனச்சோம். எவ்ளோ தேய்ச்சும் போகலையே, நசீர்" என்றார்.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட்டேன். அதற்கு முன் பலகைக் கற்களைக் குறுக்கே அடுக்கினார்கள். மண் அவள்மேல் விழாது. கற்களுக்குக் கீழே ஒரு சிறிய அறை. சுவரை மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி வழவழப்பாக்கியிருந்தார்கள்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

உயிர் பிரியும்போது கலிமா சொன்னாளா என்று எல்லோரும் கேட்டார்கள். சொன்னாள் என்றேன்.

அவள் போன பன்னிரண்டாம் நாள் மார்ட்டின் வந்தார். தீபத்துக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. அதற்கு முன் ஊருக்குக் கிளம்புகிறாராம். எனக்காக வருத்தப்பட்டார். பிறகு தயங்கி, தெரிந்த தமிழில், "ஒன்பது... மேலே வந்தது?" என்றார்.

வரவில்லை. மண்ணுக்குள் இறங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது.

நான் படித்தவன். எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்பூனை எடுத்தேன். இந்த வீட்டில் ஏதாவது ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மார்ட்டின் என் தோளைப் பிடித்தார். அதற்குள் அறை உடைந்துவிட்டது. பால் வெள்ளையில் சுருண்டு கிடந்தது. கால்கள் ஒருமுறை அலைபோல் அசைந்தன. ஸ்பூன் பட்ட இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

மாலைக்குள் செத்தது. மார்ட்டின் எதையும் வாங்காமலே போய்விட்டார்.

அதைக் கொல்லையில் முருங்கையடியில் புதைத்தேன். ஒன்பதில் வெறும் மண். மட்டப்படுத்தி வைத்தேன். அதற்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினேன்.

மறுநாள் காலை ஒன்பதின் மண் ஈரமாக இருந்தது.

ஓடு ஒழுகுகிறது என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஓடு காய்ந்திருந்தது.

மூன்றாம் நாள், மண்ணைத் தட்டிச் சமன்செய்த தடம். நான்கு விரல்கள். சுண்டு விரல் நுனி மட்டும் சப்பையாகப் பதிந்திருந்தது. வஜீதாவுக்குச் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது.

பின்னறையைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நான்காம் நாளும் மண் ஈரம். தடம் புதிது.

அன்று மதியம் ஜியாவுல்லா மாமா வந்தார். வஜீதாவின் தாய்மாமன். கண்ணாடிக் கடைக்காரர், பெட்டிகளெல்லாம் அவர் வெட்டி ஒட்டித் தந்தவை.

"என்னா மாப்ள, சாப்புடுறியா இல்லியா? பூச்சி வளக்குறேன்னு நீயே பூச்சி மாதிரி சுருண்டுட்ட. எல்லாத்தையும் மலையடியில வுட்டுட்டு வந்துடு."

பேசிக்கொண்டே தோள் துண்டால் கண்ணாடிகளைத் துடைத்தார். தொழில் பழக்கம். ஒன்பதில் கை நின்றது.

"இன்னா கறை இது? போகல."

எச்சில் தொட்டுத் தேய்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"உள்பக்கம் இருக்குது மாப்ள."

பார்த்தேன். மண்ணுக்குள், கண்ணாடியை ஒட்டி, ஒரு அறை. வழவழப்பான சுவர். கைப்பிடி அளவு. அதற்குள்ளிருந்து கண்ணாடியில் அழுத்திய நான்கு செம்பழுப்பு விரல் நுனிகள். ஒன்று சப்பை.

அயோடின் வாடை அடித்தது.

"தோண்டிப் பாத்துடலாமா?" என்று கிசுகிசுத்தார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இருவரும் கபர்ஸ்தானுக்குப் போனோம். இரண்டு நாளாக மழை. மற்ற புதுக் குழிகளில் மண் கரைந்து உள்வாங்கியிருந்தது. அவளுடையதில் மட்டும் மேடு அப்படியே இருந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை யாரோ தட்டிச் சமன்செய்திருந்தார்கள்.

நான்கு விரல்களால்.

மாமா ஓதினார். பாதியில் நிறுத்தினார். "வா மாப்ள. போயிடலாம்" என்று முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நின்றேன். காலடியில் மண் இருக்கிறது. எனக்குக் கைகள் இருக்கின்றன. அவள் செத்துவிட்டாள் என்றால் தோண்டுவது பாவம். சாகவில்லை என்றால், தோண்டினால் என்ன ஆகும் என்று நான் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் நாள் எண்ணுகிறேன். பெருசுன்னா ஜாஸ்தி ஆகும்.

இன்று காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வைத்தேன். பூட்டைத் திறந்தேன். சாக்கு ஏற்கெனவே மடிந்திருந்தது. பதினொரு பெட்டிகளிலும் தண்ணீர் தெளித்தாயிற்று. வெள்ளரி புதிதாக நறுக்கி வைத்திருந்தது. ஒன்பதின் அறை மேல்பக்கம் திறந்து கிடந்தது, உள்ளிருந்து தள்ளியதுபோல். உள்ளே ஒன்றுமில்லை.

சமையலறையில் பால் பொங்கும் ஓசை கேட்டது. பிறகு யாரோ ஸ்டவ்வைத் தணித்த ஓசை.

நான் இன்னும் பின்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் கலிமா சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் விடியற்காலையில் கண் திறந்தாள். "ஒம்போது மேல வந்துச்சா?" என்றாள். இல்லை, செத்துப்போச்சோ என்னவோ என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. கறை படிந்த விரல்களால் என் கையைத் தட்டினாள்.

"தோண்டித் தொலைச்சிடாதீங்க. தோலு மாத்துது, அவ்ளோதான். நானே வந்து எடுத்துக்கிறேன்."