பூஜ்யத்தில் நின்ற முள்

செல்போன் அலறியது!

சிவகாசியின் அத்தனை காலண்டர் பிரஸ்களும் ஒரே நேரத்தில் ஓடினாலும் அப்படி ஒரு சத்தம் வராது!

எடுத்தவர் ஏசி மெக்கானிக் சாலமன்ராஜ். அவர் கை படாத ஏசி விருதுநகர் ஜில்லாவிலேயே கிடையாதாம். சொன்னது யார்? அவரேதான்!

"அண்ணே... பிரஸ் மேனேஜர் பொன்னுத்தங்கம் பேசுதேன். மொதலாளி கேபின்ல செத்துக் கெடக்காக! நேத்து நீங்க சர்வீஸ் பண்ண ஏசிதான் கொன்னுருச்சாம்... போலீஸ் உங்களத் தேடுது!"

சாலமன்ராஜ் டூல்ஸ் பையைத் தூக்கினார்.

"நான் இருக்கேன்ல அத்தான்! வாங்க!"

பைக்கை முறுக்கினான் நேசகுமார். மனைவியின் தம்பி. கடையில் சரிபாதி பங்காளி.

கேபின்.

பிரஸ் முதலாளி பலவேசம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். உதடு நீலம்! மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தூக்கம் போடுவார். இன்று போட்டது... கடைசித் தூக்கம்!

இன்ஸ்பெக்டர் மாரிச்செல்வி முறைத்தார்.

"மூச்சு முட்டிச் செத்திருக்காரு. ஏசியில காத்து வருது, கூலிங் இல்ல. கேஸ் ரூமுக்குள்ள கசிஞ்சிருக்கு. சரிதானா?"

"செக் பண்ணிட்டுச் சொல்லுதேன் மேடம்..."

"பண்ணுங்க. கசிஞ்சிருந்தா நேரா ஜெயிலுதான்!"

மொட்டை மாடி. வெயில் ஆளை வறுத்தது. அவுட்டோர் யூனிட்டில், கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார் சாலமன்ராஜ்.

முள்...

பூஜ்யம்!

"சோலி முடிஞ்சுது. கெளம்புங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

நேசகுமார் தலையில் கை வைத்தான். "ஐயோ அத்தான்... ஜாயிண்ட்ட சரியா டைட் வைக்கலியா? இப்பல்லாம் இவருக்கு மறதி ஜாஸ்தி மேடம்... பாத்துச் செய்ங்க!"

"ஏலே மாப்ளே! நீ எனக்குத் தொணைக்கு வந்தியா, சாட்சி சொல்ல வந்தியா?"

சாலமன்ராஜ் வெள்ளைத் துணியால் ஜாயிண்ட் ஜாயிண்ட்டாகத் துடைத்தார். மேலே, கீழே, கேபினுக்குள்ளே...

"கேஸ் கசிஞ்சா கூடவே எண்ணெயும் வடியும் மேடம். துணியப் பாருங்க. கல்யாண வேட்டி மாதிரி இருக்கு!"

"யாராவது தொடைச்சிருக்கலாம்ல?"

சாலமன்ராஜ் திரும்ப மாடிக்குப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள். அவுட்டோர் யூனிட் வால்வில் சாவியை விட்டார்.

விரல் நின்றது!

இரண்டு வால்வுகளும் இறுக்கி மூடியிருந்தன!

ஏசியை வீடு மாற்றும்போது செய்கிற வேலை அது. கேஸ் மொத்தத்தையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிடுவது. கேஜில் பார்த்தால் காலி. உள்ளே பார்த்தால்... ஃபுல்! ஒரு மெக்கானிக்தான் செய்யமுடியும்.

நேற்று அவர் மூடவில்லை!

மைத்துனனை ஒரே ஒரு தடவை பார்த்தார். ஸ்பேனரை எடுத்துக் குழாய்களைக் கழற்றினார்.

"தப்பு என் மேலதான் மேடம். இனி இது காலி டப்பா. வால்வத் தெறந்து போட்டுட்டு உங்களோட வாரேன்."

சாவியைத் திருப்பப் போனார்...

"அத்தான்! தெறக்காதீக! முழுக் கேஸும் உள்ளதான் இருக்கு! அம்புட்டும் வீணாப் போயிரும்!"

மாடியே இறுகியது. ஆலங்குளம் சிமெண்ட் தோற்றது!

"முள்ளு பூஜ்யங்குது," என்றார் மாரிச்செல்வி மெல்ல. "உனக்கு எப்படிலே தெரியும்?"

நேசகுமார் பின்னால் நகர்ந்தான். பின்னால் கான்ஸ்டபிள்!

அவிழ்ந்தது எல்லாம். பழைய கம்ப்ரசருக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று பிரஸ்ஸில் மாட்டியிருந்தான். பலவேசம் கண்டுபிடித்துவிட்டார். 'ஒங்க அத்தான்ட்ட சொல்லுதேன்' என்றிருக்கிறார். மத்தியானம் மாடியேறி வால்வுகளை மூடிவிட்டு, தூங்கியவர் முகத்தில் குஷனை அழுத்தினான். பழி அத்தானுக்கு, கடை தனக்கு!

"கேஸ வெளிய விட்டிருந்தா நீ தப்பிச்சிருப்பியேலே..." என்றார் சாலமன்ராஜ். "ஏன் விடல?"

"நல்ல கேஸு அத்தான்... மனசு வரல..."

"என்னை ஜெயிலுக்கு அனுப்ப மட்டும் மனசு வந்துச்சோ?"

விலங்கு பூட்டப்பட்டது. படியில் இறங்கியவன் திரும்பினான்.

"அத்தான்... குழாய மூடிருங்க. தூசி போயிரும்!"

மாரிச்செல்வி அவன் தோளில் தட்டினார்.

"நீ கவலப்படாத ராசா. இனிமே நீயும் ஒரு பொட்டு வெளிய கசியாம நாங்க பாத்துக்கிடுதோம்!"