கைக்கு மட்டும் தெரிந்தது

முதலாளி தரையில் கிடந்தார். உயிர் இல்லை!

இரண்டடி தள்ளி, பின்மண்டையில் அடிபட்டு, பைண்டர் அக்கா. உயிர் இருந்தது... பார்வை போய்விட்டது.

பரீட்சை வினாத்தாள் அடிக்கும் அச்சகம் அது. காலையில் முதலாளியோடு சண்டை போட்டவன், மெஷின் ஓட்டும் அவள் தம்பி. மாலையே போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது.

நான்காம் நாள். ஆஸ்பத்திரி அறை.

டாக்டரம்மா பேனாவை நீட்டினாள். "என்ன தெரியுது?"

"இருட்டு."

"சும்மா கையை நீட்டுங்க."

பேனா கச்சிதமாகக் கையில் சிக்கியது!

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாக்கறதை உணர்ற மூளைப் பகுதிதான் போச்சு. ஆனா கைக்குத் தனியா ஒரு வழி இருக்கு. அது தப்பிச்சிடுச்சு."

"அடப்பாவமே... எனக்குத் தெரியாம என் கை பாக்குதா?"

டாக்டரம்மா போனதும், விசாரணைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "வித்தை ஜோர்க்கா. ஆனா உங்க தம்பி..."

"கரப்பான்பூச்சி அடிக்கவே என்னைக் கூப்பிடறவன் சார் அவன்! கொன்னவனை நான் பிடிச்சுத் தர்றேன்."

"கண்ணு இருக்கற எங்களாலேயே வேற ஆளைக் கண்டுபிடிக்க முடியல..."

"அதான் சார் நானும் சொல்றேன்!"

இன்ஸ்பெக்டர் முகம் கழுவ பாத்ரூமுக்குள் போனார்.

அறைக்கதவு திறந்தது.

"நான்தாம்மா, அச்சக மேனேஜர்." கையில் ஆரஞ்சுப்பழப் பை. "அன்னைக்கு எதையாவது பாத்தியா?"

"ஒண்ணும் பாக்கல சார்."

அவர் கண்கள் சுருங்கின. சத்தமில்லாமல் ஒரு பழத்தை எடுத்து... அவள் முகத்தை நோக்கி வீசினார்!

லபக்!

அவள் கை பிடித்துவிட்டது. அவளே திடுக்கிட்டாள். இவர் ஏன் எறிந்தார்..?

புரிந்தது. பார்வை இருக்கிறதா என்று சோதிக்கிறார்; பயம் இருப்பவன்தானே சோதிப்பான்! நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி! குருடி வேஷமா?"

"ஆமா! அன்னைக்கும் எல்லாத்தையும் பாத்தேன். சொல்லட்டுமா?"

"வினாத்தாளை நான் வெளில விட்டதை முதலாளி கண்டுபிடிச்சார், முடிச்சேன்! நீ திரும்பறதுக்குள்ள அடிச்சேனே... எப்படிடி பாத்தே?"

தலையணையோடு மேனேஜர் பாய்ந்தார். பாத்ரூம் கதவு படாரென்று திறந்தது. ஈர முகத்தோடு இன்ஸ்பெக்டர்!

விலங்கு மாட்டியபடி கேட்டார். "பிரமாதம்க்கா! பார்வை எப்ப வந்துச்சு?"

"எங்க வந்துச்சு? இப்பவும் கும்மிருட்டு. அன்னைக்கும் ஒரு மண்ணையும் பாக்கல!"

மேனேஜர் விலங்குக் கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

"மொதல்ல என் தம்பியை விடுங்க சார். பாவம், பயந்திருப்பான்."

"விடறேன். ஆனா கோர்ட்ல கண்ணால பாத்த சாட்சி யாரு..?"

"பழத்தைப் பிடிச்சது கைதானே? அதைக் கூண்டுல ஏத்துங்க... துணைக்கு வேணா நான் வர்றேன்!"