சிவப்பன் தோளில் ஒரு கைரேகை

"என் சிவப்பனை எவ தொட்டது...?"

காலை ஆறே முக்காலுக்கு முன்னறையிலிருந்து கிளம்பிய அந்தக் கத்தலில் வீடே எழுந்து உட்கார்ந்துவிட்டது. மாமியார் வாயில் நுரையும் கையில் பிரஷ்ஷுமாக ஓடினாள். ஓரகத்தி, அழுகிற பிள்ளையைக்கூட ஒரு நாளும் இத்தனை வேகமாகப் போய்ப் பார்த்திராதவள், கொண்டையை முடிந்துகொண்டே பறந்தாள். மூத்த மருமகளான அவள் மட்டும் அடுப்படியில் நின்ற இடத்திலேயே நின்றாள். நேற்றுக் காலையிலிருந்து எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அது இதோ வந்தே விட்டது.

சிவப்பன் என்றால் ஏதோ பெற்ற பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். முக்கால் முழ உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ரோபோ. சின்ன வயதில் ஜப்பான் கார்ட்டூனில் ராட்சத ரோபோக்கள் அடித்துக்கொள்வதை வாயைப் பிளந்து பார்த்த பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து ஆளானார்கள். அவள் கட்டிக்கொண்ட மனுஷன் மட்டும் ஐம்பத்திரண்டு வயதிலும் அந்த ரோபோக்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, பொருத்தி, வர்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில் நிறுத்திவைத்துக்கொண்டிருந்தான். அதுவும் ஒரே மாதிரியில் இரண்டு பெட்டி! கேட்டால், "ஒண்ணு கட்டுறதுக்கு, ஒண்ணு வெச்சுக்கறதுக்கு" என்பான். என்னத்துக்கு வைத்துக்கொள்வது என்று கேட்டால் முறைப்புதான் வரும்.

உத்தியோகம் லிஃப்ட் மெக்கானிக். இப்போது சூப்பர்வைசர். திருப்புளியை மற்றவர்கள் பிடிப்பார்கள், இவன் பக்கத்தில் நின்று "இறுக்கு, இன்னும் இறுக்கு" என்பான். அது எவ்வளவு பெரிய வரம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன சிலையாட்டம் நிக்கிற? இங்க வா!"

போனாள். சிவப்பனின் இடது தோள்தகடு அவன் உள்ளங்கையில் இருந்தது. பளபளவென்று இருந்த தகட்டின் நடுவில் மெழுகு உருகினாற்போல் ஒரு குழி. குழிக்குள் அச்சடித்த மாதிரி ஒரு கட்டைவிரல் ரேகை.

"ரெண்டு வருஷம்... ரெண்டு வருஷ உழைப்பு! ஞாயித்துக்கிழமை ரோபோ கட்டுற போட்டி. யாரு பண்ணுன வேலை இது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி திறந்துவிட்டாள். "எனக்கென்ன வந்தது மாமா... ஆனா நேத்து நீங்க குளிக்கப் போனப்ப அக்கா இந்த அலமாரியைத் திறந்து வெச்சுக்கிட்டு, கையில பஞ்சும் அவங்க கடை பாட்டிலுமா நின்னாங்க. நானும் துடைக்கிறாங்கன்னு நெனச்சேன். எனக்கு எதுக்கு வம்பு?" வம்பு வேண்டாம் என்பவள் வாயிலிருந்துதான் வீட்டு வம்பெல்லாம் வரும்.

கடை என்றால் நகம் அழகுபடுத்துகிற கடை. பதினாறு வருடமாக அங்கேதான் அவளுக்கு வேலை. அரிசியளவு நகத்தில் பூவும் கொடியும் வரைந்துவிடுவாள். வீட்டில் அதற்குப் பெயர் 'சாயம் பூசுற வேலை'.

"நீயா?" என்றான் அவன்.

"ஆமாங்க. நான்தான். தெரியாம..."

"தெரியாமலா!" மாமியார் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டாள். "போன வாரம்தானே முன்னறையைக் குடுங்க, சொந்தமா கடை போடறேன்னு கேட்டே? இவன் முடியாதுன்னான். அந்த ஆத்திரத்தை வாயில்லா பொம்மைமேல காட்டிட்டியே! உனக்கு மனசா கல்லா? என் புள்ளைக்கு ஒரு டம்ளர் டீ முழுசா ஊத்த மனசு வராதவதானே நீ! ஒன்றரை வருஷமாப் பாக்கறேன், பிச்சைக்காரனுக்கு ஊத்துற மாதிரி அரை டம்ளர்... அரை டம்ளர்..."

"அத்தை, அது வந்து..."

"பேசாதே!" என்று அவன் இரைந்தான். "நகத்துக்குச் சாயம் பூசறவளுக்கு இதோட அருமை என்னடி தெரியும்? ஒரு கோடு... ஒரே ஒரு கோடு இந்த மாதிரி நேரா இழுக்க முடியுமா உன்னால?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடவுளே, இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம்! தன் அலமாரியை ரோபோக்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் துணிமணியைக் கட்டிலடியில் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறாள். தூசு படக்கூடாது என்று முன்னறையில் ஃபேன் போடாமல் வேர்த்து வழிந்திருக்கிறாள். அதெல்லாம் போகட்டும். இந்தக் கோடு விஷயத்தை மட்டும் அவன் கேட்டிருக்கக் கூடாது.

அந்த ரோபோக்களின் உடம்பெங்கும் தலைமுடி அகலத்தில் பள்ளக்கோடுகள் ஓடும். அவற்றில் கறுப்பு மை இறக்கினால்தான் பிளாஸ்டிக்குக்கு நிஜ இரும்பின் களை வரும். அவன் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு மை போடுவான், காய வைப்பான், மறுநாள் வேலை முடிந்து வந்துதான் எடுத்துப் பார்ப்பான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பெருக்கப் போனவள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். கோழி கிளறினாற்போல் கிடந்தன. பள்ளத்தை விட்டு வழிந்து, தாறுமாறாக, நடுங்கி நடுங்கி... அன்றைக்குத்தான் அவன் சட்டையில் தினமும் டீக்கறை விழுகிற காரணமும் அவளுக்கு உறைத்தது.

மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கை ஆடுவதை ஊர் பார்க்கக் கூடாது என்று கடைசி ஆறு வருடம் அறையை விட்டே வெளியே வராமல் போய்ச்சேர்ந்தார். "அப்பா மாதிரி என் கை ஆடற அன்னைக்கு நான் செத்தேன்னு வெச்சுக்க" என்று அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான்!

அவள் என்ன செய்வாள்? அவன் குளிக்கப் போகும் கால்மணி நேரத்தில், அவனுடைய தின்னரைப் பஞ்சில் தொட்டு வழிந்த மையைத் துடைத்துவிட்டு, மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொரு கோட்டையும் திரும்ப இழுத்துவைத்தாள். டீயை அரை டம்ளராக்கினாள். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன கேடு?" என்று எரிந்து விழுந்தான். அதற்கு மேல் வற்புறுத்தினால் கையை அல்லவா காட்டிச் சொல்ல வேண்டும்? வாய் வரவில்லை.

அந்தப் புண்ணியவானோ, தன் கோடுகள் நேராக நிற்பதைப் பார்த்து ஒரு தத்துவமே கண்டுபிடித்துவிட்டான். "மையை ஒரு ராத்திரி விட்டுட்டா தானா பள்ளத்துல போய் உக்காந்துக்கும்!" ரோபோ கட்டுகிற தன் சங்கத்துக்காரர்களுக்கும் இதையே போதித்தான். அவர்களும் விட்டுப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு உக்காரலையே மாமா" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். அவள் காபி கொடுத்துவிட்டு அடுப்படியில் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று அவனுடைய தின்னர் தீர்ந்திருந்தது. தோளிலோ மை ஆறாக வழிந்து கிடந்தது. அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிடும் போலிருந்தது. பையில் கடை பாட்டில் இருந்தது, நகச்சாயம் அழிக்கிற திரவம். இதுவும் அழிப்பதுதானே என்று தொட்டுவைத்துத் துடைத்தாள். பதினாறு வருடமாக நகத்தை ஒன்றும் செய்யாத அந்தச் சனியன் பிளாஸ்டிக்கைக் கண்டதும் பாகாய் இளக்கிவிட்டது. பதறிப்போய் அழுத்திப் பிடித்த கட்டைவிரல் அப்படியே உள்ளே இறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நேற்று அவன் வேலையிலிருந்து நேரம் கழித்து வந்து அலமாரிப் பக்கமே போகாததால், விஷயம் இன்றைக்குத்தான் வெடித்தது.

இப்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓரகத்தி வாயும் அடையும், மாமியார் வாயும் அடையும். ஆனால் அந்த வார்த்தை இவன் நெஞ்சில் அல்லவா போய்க் குத்தும்? இவர்கள் எதிரிலா?

"தப்புதாங்க," என்றாள். "ஆத்திரத்துலதான் பண்ணிட்டேன்னே வெச்சுக்குங்க. விட்டுடுங்க."

"பாத்தியா, ஒத்துக்கிட்டா!" என்றாள் மாமியார்.

"அழுத்தக்காரி!" அவன் பரபரவென்று பரண்மேல் இருந்த இரண்டாவது பெட்டியை இறக்கினான். "நீ கெடுத்தா எல்லாம் போச்சுன்னு நெனச்சியா? இதுல இதே தோள் இருக்கு. உன் கண்ணெதிர இப்பவே கோடு போட்டு மாட்டுறேன். உக்காந்து பாரு. வேலைன்னா என்னன்னு பாரு!"

அவளுக்கு உயிரே போய்விட்டது. "வேண்டாங்க... இப்ப வேண்டாம். சாயங்காலம் போடுங்களேன். நீங்கதானே தனியா உக்காந்து போடுவீங்க..."

"ஏன், பார்க்கப் பயமா இருக்கா?"

"உங்க கால்ல விழறேங்க, கோபத்துல வேண்டாம்..."

கேட்டால்தானே! புது மை பாட்டிலைத் திறந்தான். ஜன்னலோரம், நல்ல காலை வெளிச்சத்தில், தோள்தகட்டை இடது கையில் பிடித்தான். வலது கை தூரிகையோடு இறங்கியது.

பள்ளத்துக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தது. துடைத்தான். மறுபடி வைத்தான். தூரிகை நுனி தகட்டின்மேல் டக்டக்கென்று தட்டியது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தான். கறுப்புக் கோடு தள்ளாடித் தள்ளாடிச் சிவப்பெல்லாம் மேய்ந்துவிட்டுக் கீழே விழுந்தது.

வம்பைக் கண்டு ஓரகத்தியே இரண்டடி பின்வாங்கினாள், அது உலக அதிசயம்.

அவன் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தான். வரிசையாக நின்ற ரோபோக்களின் மார்பில், முழங்காலில், முதுகில் அத்தனை கோடும் நூல் பிடித்தாற்போல் நின்றது. பிறகு அவள் விரல்களைப் பார்த்தான்.

"அப்போ... மை தானா உக்காரலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா... நேத்து உங்க தின்னர் தீந்து போச்சு. என் பாட்டிலை எடுத்துத் துடைச்சேன். அது இப்படி உருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க..."

"ஒன்றரை வருஷமா," என்று மாமியார் முணுமுணுத்தாள். அவள் பார்வை மகனுடைய கையிலேயே நிலைத்திருந்தது. புருஷனிடம் அதே நடுக்கத்தைக் கண்டு, ஆறு வருடம் அவருக்கு ஊட்டி, துடைத்து, ஊருக்கு மறைத்து வாழ்ந்தவள் அவள். "அந்த அரை டம்ளர்... சிந்தக்கூடாதுன்னா...? அடிப்பாவி! நான் உன்னை என்னென்ன பேசுனேன்! ஒரு வார்த்தை... இந்தக் கிழவிகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்லுவேன் அத்தை? நீங்க மறுபடியும் அதையே பாக்கணுமேன்னுதான்..."

மாமியார் அதற்கு மேல் தாங்கவில்லை. மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான் பெத்தவ, எனக்குத் தெரியலையே! எங்கிருந்தோ வந்தவ நீ பாத்துக்கிட்டியே! என் வாயில புழு பூக்கணும்!"

"பூக்க வேண்டாம் அத்தை, அதுக்கும் நான்தான் வைத்தியம் பாக்கணும்," என்று அழுகைக்கு நடுவே சொன்னாள் அவள்.

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். மெல்லிய குரலில் பேசினான். "எனக்குத் தெரியும்டி. உள்ளுக்குள்ள தெரியும். தெரிஞ்சும் மை தானா உக்காருதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இல்லைன்னு ஆயிட்டா அப்புறம் அப்பா அறைதானே எனக்கு... உன்னைப் போயி கோடு இழுக்கத் தெரியுமான்னு கேட்டேனே!"

அதுவரை அடக்கிவைத்திருந்தது எல்லாம் அவளுக்குப் பீறிக்கொண்டு வந்தது. "யாரு உங்களை அறைக்குள்ள விடப்போறா? கை ஆடினா ஆடிட்டுப் போகுது! டாக்டர்கிட்ட வாங்கன்னா வர்றதில்லை, வீட்டுல ஃபேன் போட விடுறதில்லை, பாடுபட்டுக் கோடு இழுத்தா அந்தப் பேரையும் மைக்குக் குடுத்துட்டீங்க! மனுஷியா நான், மரக்கட்டையா? செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறோம். நீங்களும் நானும். சிவப்பன் வர வேண்டாம்."

"சரி," என்றான் அவன். கல்யாணமான நாளிலிருந்து மறுபேச்சில்லாமல் அவன் சொன்ன முதல் சரி அது.

பிறகு ஒரு காரியம் செய்தான். மை வழிந்த புதுத் தகட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, உருகிப்போன பழைய தகட்டை எடுத்துச் சிவப்பன் தோளில் மாட்டினான். கை ஆடியது. மூன்றாம் தடவைதான் மாட்டிற்று. அவன் மறைக்கவில்லை.

"என்னங்க பண்றீங்க? அசிங்கமா இருக்குங்க!"

"சண்டைக்குப் போயிட்டு வந்தவனுக்குத் தழும்பு இல்லாம எப்படி? இதுதான் போட்டிக்குப் போகுது. போட்டி ஃபாரத்துல கட்டினவர்ங்கற இடத்துல நீயே எழுது. உன் பேரு முதல்ல."

"ஆமா, ஜெயிக்காம போனா பழியும் என்மேலதானே?" என்றாள். ஆனாலும் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக நின்றது.

சிவப்பன் ஜெயிக்கவில்லை. ஆனால் நடுவர்கள் மூன்று பேரும் தோளைக் குனிந்து குனிந்து பார்த்து, இந்தக் காயத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்களாம். "அது என் பொண்டாட்டி கைரேகை" என்றானாம் இவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பக்கத்தில் நின்ற அவளுக்கு மானமே போயிற்று.

திங்கட்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது முன்னறையில் இரண்டு அலமாரி இடம் பெயர்ந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. நகச்சாயம் பூசிக்கொள்ள வருகிறவள் ஒன்றில் உட்கார்ந்தால், இருபத்துமூன்று ரோபோக்கள் அவளை முறைத்துக்கொண்டு நிற்கும். இதைத்தான் இடம் கொடுத்தேன் என்கிறான் மனுஷன்! அவள் பெருமூச்சு விட்டாள்.

அடுப்படியில் மாமியார் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் டம்ளரை விளிம்புவரை ஊற்றி மருமகள் கையில் கொடுத்தாள். அடுத்ததை அரையோடு நிறுத்தி மகன் எதிரே வைத்தாள்.

அவன் எல்லோர் முன்னாலும் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தான். டீ ஆடியது. சிந்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா," என்றான்.

"முதல்ல இதைக் குடிடா," என்றாள் தாய். "மீதி அரையை உன் பொண்டாட்டி சொன்னா தரேன்."